மகன் ஓட்டும் காரைத் தந்தையின் பெயரில் காப்புறுதி செய்யலாமா? நேம்ட் டிரைவர் விதிகளும் செலவைக் குறைக்கும் வழிகளும்

பிரித்தானியாவில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய 19 வயது மகன் அண்மையில் சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்திருக்கிறார். மகனுக்கென்று ஒரு சிறிய பழைய காரும் வாங்கியாயிற்று. ஆனால் மகனின் பெயரில் காப்புறுதி எடுக்கப் போனால் காரின் விலையை நெருங்கும் தொகையைக் கேட்கிறார்கள். ‘உங்கள் பெயரில் எடுத்துவிட்டு மகனை நேம்ட் டிரைவராகச் சேர்த்துவிடுங்கள், பாதியாகக் குறைந்துவிடும்’ என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்களாம். (நேம்ட் டிரைவர் என்பவர், வேறொருவரின் காப்புறுதியில் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்படும் கூடுதல் சாரதி.) அப்படிச் செய்யலாமா, கூடாதென்றால் வேறு எப்படிச் செலவைக் குறைப்பது என்று கேட்கிறார்.

அந்தக் காரைப் பெரும்பாலும் ஓட்டப்போகிறவர் உங்கள் மகன் என்றால், உங்களைப் பிரதான சாரதியாகக் காட்டிக் காப்புறுதி எடுக்கக் கூடாது. பொய்யான தகவல் கொடுத்துப் பெறும் அந்தக் காப்புறுதியை இங்கு ஃப்ரன்டிங் என்று அழைக்கிறார்கள். நிறுவனங்கள் அதை மோசடியாகவே நடத்துகின்றன. மாறாக, கார் உண்மையிலேயே உங்களுடையதாக இருந்து, அதை நீங்கள் நாள்தோறும் வேலைக்கு ஓட்டிச் செல்ல, மகன் வார இறுதியில் மட்டும் எடுக்கிறார் என்றால், அவரை நேம்ட் டிரைவராகச் சேர்ப்பது முற்றிலும் முறையானது. அந்த நிலையில் அவரைச் சேர்க்காமல் சாவியைக் கொடுப்பதுதான் சட்டப்படி குற்றமாகும். ஒரே வீட்டில், ஒரே காருக்கு, யார் அதிகம் ஓட்டுகிறார் என்பதை வைத்தே பதில் தலைகீழாக மாறுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இங்கே சொல்லும் சட்டங்கள் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்கு உரியவை. வட அயர்லாந்தில் சட்டங்களின் பெயர்களும் சில விதிகளும் வேறுபடும்.

முதலில், ஒரு காரோடு தொடர்புடைய நான்கு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கியவர் உரிமையாளர். சாரதி, வாகனப் பதிவுகளைக் கவனிக்கும் அரச முகவரகமான டிவிஎல்ஏ அனுப்பும் பதிவுப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர் பதிவுப் பொறுப்பாளர். அந்தப் பத்திரம் உரிமைக்குச் சான்று ஆகாது என்று அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. காப்புறுதி ஒப்பந்தத்தைச் செய்துகொள்பவர் காப்புறுதிதாரர். காரை மற்ற எவரையும்விட அதிகம் ஓட்டுபவர் பிரதான சாரதி. இந்த நால்வரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தந்தையின் பணத்தில் வாங்கிய கார் தந்தையின் பெயரிலேயே பதிவாகியிருக்கலாம். காப்புறுதி மகனின் பெயரில் இருக்கலாம். சில நிறுவனங்கள் இப்படிப் பிரிந்திருப்பதை ஏற்பதில்லை, பல நிறுவனங்கள் ஏற்கின்றன. எதுவாயினும் விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி குறிப்பிட்டால் சிக்கல் இல்லை. எனவே ‘கார் என் பணத்தில் வாங்கியது, ஆகவே நான்தான் பிரதான சாரதி’ என்ற வாதம் எடுபடாது. அந்தக் கேள்வி ஓட்டுவதைப் பற்றியது, பணத்தைப் பற்றியதன்று.

இளம் சாரதிகளின் பிரீமியம் ஏன் இவ்வளவு அதிகம் என்பதும் இதோடு சேர்ந்தே விளங்கும். புதிதாகச் சித்தியடைந்த இளையோர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு அதிகம். அதைவிட, அவர்களுடைய விபத்துகளில் நண்பர்கள் பலர் காரில் இருந்து காயமடைவதால் இழப்பீட்டுத் தொகையும் பெரிதாகிறது. கட்டாயக் காப்புறுதியில் பிறருடைய உடற்காயத்துக்கான பொறுப்புக்கு உச்சவரம்பே கிடையாது. நிறுவனம் பயப்படுவது உங்கள் பழைய கார் நொறுங்குவதைப் பற்றி அல்ல. வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு தேவைப்படும் ஒரு பயணியின் இழப்பீட்டைப் பற்றியே. பிரதான சாரதி யார் என்ற கேள்விக்கு அவர்கள் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது அதனால்தான்.

‘எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?’ என்ற கேள்வி அடுத்து வரும். காப்புறுதி எடுக்கும் நாளில் பெரும்பாலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கிளெய்ம் போடும், அதாவது இழப்பீடு கோரும், நாளில்தான் விசாரிப்பார்கள். தந்தையின் பெயரில் ஏற்கெனவே வேறொரு கார் இருக்கிறது, மகனுக்கென்று காரே இல்லை, விபத்து நடந்ததோ மகனின் பல்கலைக்கழகத்துக்கு அருகில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் என்றால், விசாரணை அதிகாரிக்கு வேறு துப்பு தேவைப்படாது. கார் இரவில் எங்கே நிற்கிறது, பெற்றோல் யார் போடுகிறார், பார்க்கிங் அனுமதி யாருடைய பெயரில் இருக்கிறது, சேர்விசுக்கு யார் கொண்டுபோனார் என்று தந்தையிடமும் மகனிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள். இரு பதில்களும் பொருந்தாமல் போவதற்கு அதிக நேரம் ஆகாது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம், ஏனென்றால் நம்மவர்களில் பலர் ‘ஏதாவது பிழை இருந்தால் ஒன்றும் தர மாட்டார்கள்’ என்றோ ‘பணம் கட்டியிருக்கிறோம், எப்படியும் தந்துவிடுவார்கள்’ என்றோ நினைக்கிறார்கள்; இரண்டும் சரியல்ல. தனிநபர் காப்புறுதிகளுக்கான 2012ஆம் ஆண்டுச் சட்டம், 2013 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. கேட்கப்படும் கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன்படி நம் கடமை. பதில் தவறாக இருந்தால், அது கவனக்குறைவால் நேர்ந்ததா, வேண்டுமென்றோ உண்மையைப் பொருட்படுத்தாமலோ சொன்னதா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். கவனக்குறைவு என்றால், சரியான தகவல் தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்பதே அளவுகோல். 1,800 பவுண் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் 900 பவுண் மட்டும் வாங்கியிருந்தால், 6,000 பவுண் சேதத்துக்கு அதே விகிதத்தில் பாதியான 3,000 பவுணை மட்டும் தரலாம். காப்புறுதியே கொடுத்திருக்க மாட்டார்கள் என்றால், ஒப்பந்தத்தை ஆரம்பத்திலிருந்தே செல்லாததாக்கி, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் வேண்டுமென்றே சொன்ன பொய்யென்று நிரூபித்தால், கிளெய்மை முழுவதும் மறுத்து, ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கி, கட்டிய பிரீமியத்தையும் பொதுவாகத் தாமே வைத்துக்கொள்ளலாம். ‘மகன்தான் ஓட்டுவார், ஆனால் என் பெயரைப் போட்டால் மலிவு’ என்று தெரிந்தே செய்தது எந்த வகைக்குள் அடங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரவும் அதில் இடம் இருக்கிறது.

அதோடு முடிந்துவிடுவதில்லை. விபத்தில் காயமடைந்த மூன்றாம் தரப்பினருக்கு நிறுவனம் எப்படியும் பணம் கொடுக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் பாதிக்கப்பட்டவரைக் கைவிடுவதில்லை. கொடுத்த தொகையை உங்களிடமிருந்து திரும்பக் கேட்கும் வழியையும் அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. வீட்டை அடமானத்தில் வாங்கியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது எத்தகைய சுமை என்பதை எண்ணிப் பாருங்கள். காப்புறுதி இல்லாமல் ஓட்டியதாகப் பிடிபட்டால் வழக்கமான தண்டம் 300 பவுண், அதோடு அனுமதிப்பத்திரத்தில் 6 தண்டப் புள்ளிகள். நீதிமன்றம் சென்றால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்டத்துக்கு வரம்பில்லை, ஓட்டுவதற்குத் தடையும் விதிக்கலாம், பொலிஸார் காரையும் கைப்பற்றலாம். முதன்முறை சித்தியடைந்து 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தாலே புதிய சாரதியின் அனுமதிப்பத்திரம் ரத்தாகிவிடும். பழகுநருக்கான புரொவிஷனல் அனுமதிப்பத்திரத்திலிருந்து தொடங்கி எழுத்துப் பரீட்சையையும் செய்முறைப் பரீட்சையையும் மறுபடி எழுத வேண்டும். இவற்றைவிட நீண்ட காலம் தொடர்வது இன்னொன்று உண்டு. ‘உங்கள் காப்புறுதி எப்போதாவது ரத்துச் செய்யப்பட்டிருக்கிறதா, செல்லாததாக்கப்பட்டிருக்கிறதா?’ என்பது ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களிலும் உள்ள கேள்வி. அதற்கு ‘ஆம்’ என்று சொல்ல வேண்டிய நிலைமை தந்தைக்கு வந்தால், அவருடைய சொந்தக் காரின் பிரீமியமும் பல ஆண்டுகளுக்கு உயர்ந்தே இருக்கும்.

இனி, நேம்ட் டிரைவர் என்ற வசதியை நேர்மையாகப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கும் வழிக்கு வருவோம். உங்கள் விடயத்தில் முதலில் செய்து பார்க்க வேண்டியது, நண்பர்கள் சொன்னதற்கு நேர் எதிரானது: மகனைக் காப்புறுதிதாரராகவும் பிரதான சாரதியாகவும் காட்டி, உங்களையோ உங்கள் மனைவியையோ நேம்ட் டிரைவராகச் சேருங்கள். பல ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டிய ஒருவரும் அந்தக் காரை அவ்வப்போது ஓட்டுவார் என்றால், மொத்த ஓட்டத்தில் ஒரு பகுதி அனுபவசாலியின் கையில் இருக்கிறது என்று நிறுவனங்கள் கணக்கிடுகின்றன; பல சமயங்களில் பிரீமியம் கணிசமாகக் குறையும். தந்தையை மட்டும், தாயை மட்டும், இருவரையும் சேர்த்து என்று மூன்று விதமாகவும் விலை கேட்டுப் பாருங்கள். எது மலிவாக வரும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க முடியாது. அண்மையில் விபத்தோ வேகத்துக்கான புள்ளிகளோ உள்ள ஒருவரைச் சேர்த்தால் விலை ஏறவும் கூடும். சேர்க்கப்படுகிறவர் உண்மையிலேயே எப்போதாவது அந்தக் காரை ஓட்டுபவராக இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் பெரியப்பாவையோ, கார் ஓட்டுவதை விட்டுப் பல ஆண்டுகளான பாட்டியையோ பெயருக்குச் சேர்ப்பது மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடும். பெண் பெயரைச் சேர்த்தால் பெண் என்பதற்காகவே குறையும் என்ற நம்பிக்கையும் காலாவதியானது. ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து, 2012 டிசம்பர் 21 முதல் பாலினத்தை வைத்துப் பிரீமியம் நிர்ணயிக்க முடியாது.

நேம்ட் டிரைவர் ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்கப்படும் விவரங்களை அவரிடமே கேட்டு நிரப்ப வேண்டும். பிறந்த தேதி, தொழில், அனுமதிப்பத்திரத்தின் வகை, எத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறார், வழமையாகக் கடந்த 5 ஆண்டுகளில் நடந்த விபத்துகள், பெற்ற புள்ளிகள் எல்லாமே கேட்பார்கள். தவறு மற்றவருடையது என்று முடிந்த விபத்தையும், கிளெய்ம் போடாமல் விட்ட விபத்தையும்கூடச் சொல்ல வேண்டியிருக்கும். நிறுவனங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் கிளெய்ம் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வேகக் கமெராவில் பிடிபட்டதைப் பெற்றோரிடம் சொல்லாமல் மறைப்பது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். அதனால் விண்ணப்பத்தை நிரப்பும்போது, டிவிஎல்ஏ இணையத்தளத்தில் அவருடைய அனுமதிப்பத்திர விவரத்தை அவரையே திறந்து காட்டச் சொல்வது நல்லது.

நோ கிளெய்ம்ஸ் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் கழிவு, பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னுடைய கணிப்பில், மகனின் பெயரிலேயே காப்புறுதி எடுப்பதற்கு இருக்கும் மிக வலுவான காரணம் இதுதான். இந்தப் போனஸ் காப்புறுதிதாரருக்கு மட்டுமே சேரும். தந்தையின் காப்புறுதியில் மகன் 4 ஆண்டுகள் நேம்ட் டிரைவராக ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டியிருந்தாலும், அவர் தனியாகக் கார் வாங்கும் நாளில் பெரும்பாலான நிறுவனங்களின் கணக்கில் அவருடைய போனஸ் சுழியம்தான். சில நிறுவனங்கள் நேம்ட் டிரைவருக்கும் அனுபவச் சலுகை தருகின்றன. பொதுவாக அது அதே நிறுவனத்தில் காப்புறுதி எடுத்தால் மட்டும் செல்லும். நேர்மாறாக, மகன் ஓட்டும்போது தவறு அவர் பக்கம் என்று ஒரு விபத்து நடந்தால், குறைவது தந்தை பல ஆண்டுகளாகச் சேர்த்த போனஸ். முதல் ஆண்டில் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்து மகன் தன் பெயரில் தொடங்கினால், இரண்டாம் ஆண்டிலிருந்தே விலை இறங்கத் தொடங்கும். அதன் பலனைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தால், முதல் ஆண்டில் மிச்சப்படுத்தியதாக நினைத்த தொகை பெரிதாகத் தெரியாது. ஒரு போனஸை ஒரே நேரத்தில் ஒரு காருக்கு மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதையும், காப்புறுதி இல்லாமல் விட்டால் வழமையாக 2 ஆண்டுகளில் அது காலாவதியாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பணம் கொடுத்துப் ‘பாதுகாத்த’ போனஸ் ஆண்டுகளின் எண்ணிக்கையை மட்டுமே காக்கும். விபத்துக்குப் பிறகு அடிப்படைப் பிரீமியம் ஏறுவதை அது தடுக்காது.

இளைய பிள்ளை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார் என்றால், புரொவிஷனல் அனுமதிப்பத்திரம் உள்ளவராக அவரை உங்கள் காப்புறுதியில் சேர்க்கலாம். அல்லது பழகுநருக்கென்றே விற்கப்படும் குறுகியகாலக் காப்புறுதியைத் தனியாக எடுக்கலாம். இரண்டாவதன் நன்மை, பழகும்போது ஏதாவது நடந்தால் உங்கள் போனஸ் பொதுவாகப் பாதிக்கப்படாது என்பது. பலர் தவறவிடும் ஒன்று: அந்தப் பழகுநர் காப்புறுதி பரீட்சையில் சித்தியடைந்த கணத்திலேயே வழமையாக முடிந்துவிடும். சித்தியடைந்த மகிழ்ச்சியில் பரீட்சை நிலையத்திலிருந்து வீட்டுக்குத் தானே ஓட்டிவரும் பிள்ளை, காப்புறுதி இல்லாமல் ஓட்டுகிறவராக இருக்கலாம். உங்கள் காப்புறுதியில் சேர்த்திருந்தாலும், முழு அனுமதிப்பத்திரம் கிடைத்ததை அன்றே நிறுவனத்துக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லும் மேலதிகத் தொகையைக் கட்டிய பின்புதான் தனியாக ஓட்ட வேண்டும்.

‘என்னிடம் முழுக் காப்புறுதி இருக்கிறது, ஆகவே யாருடைய காரையும் ஓட்டலாம்’ என்று நம் சமூகத்தில் உறுதியாகச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மிகவும் ஆபத்தான நம்பிக்கை அது. பிறர் காரை ஓட்டும் அனுமதி சில காப்புறுதிகளில் மட்டுமே இருக்கிறது. இருந்தாலும் வழமையாக 25 வயதுக்கு மேற்பட்டவருக்கு, அதுவும் காப்புறுதிதாரருக்கு மட்டுமே பொருந்தும், நேம்ட் டிரைவருக்குப் பொருந்தாது. அந்த அனுமதியின் கீழ் மூன்றாம் தரப்பினரின் இழப்புக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு; நீங்கள் ஓட்டிய நண்பரின் கார் நொறுங்கினால் அதற்கு ஒரு பவுணும் கிடைக்காது. பல நிறுவனங்கள் மனைவி அல்லது கணவனின் காரையும் இதிலிருந்து விலக்குகின்றன, அந்தக் காருக்குத் தனியாக நடப்பிலுள்ள காப்புறுதி இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கின்றன. உங்கள் காப்புறுதிச் சான்றிதழில் யார் ஓட்டலாம் என்ற பகுதியை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். அதில் எழுதியிராத எதையும் இருப்பதாக எண்ண வேண்டாம். விருந்தினர் ஒருவர் சில நாட்களுக்கு உங்கள் காரை ஓட்ட வேண்டுமென்றால், மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ எடுக்கக்கூடிய தற்காலிகக் காப்புறுதிகள் இருக்கின்றன.

எதற்காக ஓட்டுகிறார் என்பதும் யார் ஓட்டுகிறார் என்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. சொந்தத் தேவைகளுக்கு மட்டும் என்று எடுத்த காப்புறுதியில், நாள்தோறும் வேலைக்குப் போய்வருவது அடங்காமல் போகலாம். புகையிரத நிலையம் வரை ஓட்டிச் சென்று அங்கே நிறுத்துவதையும் பல நிறுவனங்கள் வேலைப் பயணமாகவே கொள்கின்றன. நேம்ட் டிரைவருடைய பயன்பாட்டையும் தனியாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மாணவர்களாக இருக்கும் நம் பிள்ளைகள் பலர் மாலை வேளைகளில் உணவு விநியோகம் செய்கிறார்கள். கூலிக்குப் பொருள் கொண்டுசெல்லும் அந்தப் பயன்பாடு சாதாரணக் காப்புறுதியில் அடங்காது. அதற்கென்று தனிக் காப்புறுதி எடுக்காமல் ஓட்டினால் காப்புறுதியே இல்லாத நிலைதான். மகன் தவணைக் காலம் முழுவதும் வேறொரு நகரத்தில் தங்கிக் காரையும் அங்கேயே நிறுத்துகிறார் என்றால், அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும்.

செலவைக் குறைக்கும் மற்ற வழிகளில் முதன்மையானது காரைத் தெரிவு செய்வதுதான். நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். ஆயினும் இதை வாசிக்கும் மற்றவர்கள், வாங்குவதற்கு முன்பே அந்தக் காரின் பதிவு எண்ணைப் போட்டுக் காப்புறுதி விலையைப் பார்த்துவிட வேண்டும். காப்புறுதிக்காகக் கார்களை வகைப்படுத்த நீண்ட காலமாகப் பயன்பட்டுவரும் 1 முதல் 50 வரையான குழு வரிசையில் குறைந்த எண்ணுள்ள கார்களே இளையோருக்கு ஏற்றவை. விலை குறைந்த பழைய கார் என்பதால் காப்புறுதியும் குறைவாக இருக்கும் என்று கொள்ள முடியாது. கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், பெரிய சக்கரம் போன்ற மாற்றங்கள் ஏதேனும் இருந்தால், முந்திய உரிமையாளர் செய்தவையாயினும், சொல்லியாக வேண்டும்.

அடுத்ததாக, பிளாக் பொக்ஸ் எனப்படும் கருவியையோ கைபேசிச் செயலியையோ கொண்டு ஓட்டும் விதத்தை அளக்கும் காப்புறுதி. வேகம், திடீர்த் தடுப்பு, இரவு ஓட்டம் ஆகியவற்றை அது கணக்கில் எடுக்கும். நிதானமாக ஓட்டும் பிள்ளைக்கு இது நல்ல தெரிவு. கட்டுப்பாட்டை விரும்பாத பிள்ளைக்கு இதை எடுத்துக் கொடுத்தால், மோசமான மதிப்பெண்ணால் காப்புறுதியே ரத்தாகலாம். எனவே அவரோடு பேசி, நிபந்தனைகளை அவரே வாசித்த பிறகு முடிவெடுங்கள்.

எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்கும் முதல் தொகை, இரு பகுதிகளாக இருக்கும். கட்டாயப் பகுதியை நிறுவனம் நிர்ணயிக்கும், இளம் சாரதிகளுக்கு அது கூடுதலாக இருக்கும். விருப்பப் பகுதியை நீங்கள் உயர்த்தினால் பிரீமியம் குறையும். ஆனால் இரண்டையும் கூட்டினால் காரின் மதிப்பில் பெரும் பகுதி வந்துவிடுகிறது என்றால், உங்கள் காரின் சேதத்துக்கு நீங்கள் கட்டும் பணத்தில் பயனில்லை. பிறருடைய இழப்பை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் மலிவு என்றும் முடிவு கட்டாதீர்கள். ஆபத்து மிகுந்த சாரதிகள் அதையே நாடுவதால், பல வேளைகளில் முழுக் காப்புறுதி அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது. இரண்டுக்கும் விலை கேட்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஆண்டுக்கு எத்தனை மைல் என்பதை நேர்மையாக மதிப்பிடுங்கள். எம்ஓடி எனப்படும் வாகனத் தகுதிச் சோதனையில் பதிவாகும் மைல் கணக்கை எவரும் இணையத்தில் பார்க்க முடியும்.

விலை கேட்கும் நேரமும் விலையை மாற்றும். தொடங்கும் தேதிக்கு ஏறத்தாழ 3 வாரங்களுக்கு முன் கேட்டால் குறைவாகவும், கடைசி நாளில் கேட்டால் அதிகமாகவும் வருவது வழக்கம். ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பீட்டு இணையத்தளங்களில் பாருங்கள். மாதத் தவணையில் கட்டுவது கடன் வாங்குவதற்குச் சமம், அதற்கு வட்டி உண்டு. முடிந்தால் ஆண்டுத் தொகையை ஒரே தடவையில் கட்டுங்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியின்படி, பழைய வாடிக்கையாளரிடம் அதே வழியில் வரும் புதிய வாடிக்கையாளரைவிட அதிகம் கேட்கக் கூடாது. ஆனாலும் உங்களுக்கு மலிவான நிறுவனம் வேறொன்றாக இருக்கலாம் என்பதால், தானாகப் புதுப்பிக்க விடாமல் ஒவ்வோர் ஆண்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாம் காணும் விலைக்குள் 12 சதவீதக் காப்புறுதி வரியும் அடங்கியிருக்கிறது. அதைத் தவிர்க்க வழியில்லை.

இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ அண்மையில் வந்தவர்களை நேம்ட் டிரைவராகச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த நாட்டு அனுமதிப்பத்திரத்தோடு, இங்கு வதிவாளரான நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கார் ஓட்டலாம். இரு நாடுகளும் நேரடியாக மாற்றிக்கொள்ளும் பட்டியலில் இல்லாததால், அதன் பிறகு இங்கே பரீட்சை எழுதியாக வேண்டும். 13ஆம் மாதத்தில் அவர் ஓட்டினால், காப்புறுதியில் பெயர் இருந்தும் ஓட்டும் தகுதி அவருக்கு இல்லை. எந்த நாட்டு அனுமதிப்பத்திரம் என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லுங்கள். அங்கே சேர்த்த போனஸை இங்கே ஏற்கும் நிறுவனங்கள் மிகச் சிலவே.

மிகவும் மலிவாக எடுத்துத் தருகிறேன் என்று வட்ஸ்அப்பிலோ சமூக ஊடகங்களிலோ வருகிறவர்களைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. அவர்களில் பலர் வயதையும் முகவரியையும் போனஸையும் மாற்றிப் போட்டு உண்மையான காப்புறுதி ஒன்றை எடுத்து, உங்களுக்குத் திருத்திய சான்றிதழைக் கொடுப்பார்கள். சிலர் வெறும் போலிப் பத்திரத்தையே கொடுப்பார்கள். ஆங்கிலம் அதிகம் தெரியாத, ஊர்க்காரர் என்று நம்பிப் பணம் கொடுக்கும் குடும்பங்கள் இதில் சிக்குவதைக் காணும்போது மனம் வேதனைப்படுகிறது. தரகர் யாராயினும் நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கே செலுத்துங்கள், விண்ணப்பத்தில் கொடுத்த விவரங்களின் பிரதியைக் கேட்டு வாங்கி வாசியுங்கள்.

ஏற்கெனவே தந்தையின் பெயரில் எடுத்துவிட்டவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். விபத்து நடப்பதற்கு முன் நீங்களாகவே நிறுவனத்தை அழைத்து, இப்போது அதிகம் ஓட்டுபவர் மகன், பிரதான சாரதியை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். எடுத்து 14 நாட்கள் ஆகவில்லை என்றால், பயன்படுத்திய நாட்களுக்கான தொகையையும் நிர்வாகச் செலவையும் கழித்துவிட்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். மகனின் பெயரில் புதிதாக எடுக்கலாம். அந்தக் காலம் தாண்டியிருந்தால் மேலதிகப் பிரீமியம் கேட்பார்கள், அல்லது அந்த ஏற்பாட்டைத் தொடர முடியாது என்பார்கள். அப்படிச் சொன்னால், அவர்கள் ரத்துச் செய்யும் வரை காத்திராமல் நீங்களே ரத்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள், ஏனென்றால் விண்ணப்பங்களில் அந்தக் கேள்வி பெரும்பாலும் நிறுவனம் செய்த ரத்தைப் பற்றியே கேட்கிறது. புதிய காப்புறுதி தொடங்கும் நாளுக்கும் பழையது முடியும் நாளுக்கும் இடையில் ஒரு நாள்கூட வெற்றிடம் விட வேண்டாம். காரை வீதியிலிருந்து விலக்கி வைத்திருப்பதாக டிவிஎல்ஏவுக்கு அறிவிக்காத வரை, ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் காப்புறுதி இருந்தாக வேண்டும் என்பது 2011 முதல் உள்ள விதி. நிறுவனம் நியாயமில்லாமல் நடந்துகொள்வதாகத் தோன்றினால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். 8 வாரங்களுக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, அந்தப் பதில் கிடைத்து 6 மாதங்களுக்குள் நிதிக் குறைகேள் அதிகாரி சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம்.